காற்று படாத உயரம்

சிதம்பரம்
8.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். வண்டியை விக்காதீங்க. யாரோ ஒருத்தர் வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போனார்னு ஜெகன் சொன்னான். என் தம்பிக்கு வாய் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? வண்டிக் காத்து அடிச்சுதான் என் முகம் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சுன்னு அத்தை சொல்றாங்க. சொல்லட்டும். டாக்டர் உங்களை எதிர்ல வெச்சுக்கிட்டுதானே சொன்னார், இது முகவாதம், நரம்பு வீங்கினதால வந்தது, காத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு? அப்புறமும் அந்தப் பச்சை வண்டி மேல பழி போட்டா எப்படி? கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்களைப் பாத்துச் சிரிக்கல, அதோட உருண்டை ஹெட்லைட்டைப் பாத்துதான் சிரிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னவர் நீங்க.

கடலூர்ல இருந்து நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் தூரத்துல இருந்துக்கிட்டு எதுக்கு லெட்டர்னு கேப்பீங்க. பேச முடியல மாமா. உதடு ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. ‘ப’ வராது, ‘ம’ வராது. யூகேஜி பிள்ளைங்களுக்கு அம்மா, பம்பரம்னு வாய் வலிக்கச் சொல்லிக் குடுத்தவளுக்கு இந்த கதி. உங்களைக் கூப்பிட்டுப் பாத்தேன், தனியா, கதவைச் சாத்திக்கிட்டு. மாமான்னா ‘வாவா’ன்னு வருது. வர வேணாம்னு சொல்றதுக்காக ஊரை விட்டு அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன், என் வாய் உங்களை வா வான்னு கூப்பிடுது.

வாட்ஸ்அப்ல எழுதினா அடுத்த நிமிஷமே போட்டோ அனுப்புன்னு கேப்பீங்க. லெட்டர்ல கேட்டா, மாட்டேன்னு சொல்ல எனக்கு நாலு நாள் கிடைக்கும்.

இடது கண் இன்னும் மூடல. பகல்ல சொட்டு மருந்து, தூங்கும்போது பிளாஸ்திரி. கண்ணுல நேரா காத்து படக்கூடாதுன்னு மட்டும் டாக்டர் சொல்லியிருக்கார். அனிதாக்கா நான் இருக்கிற அறையில ஃபேனைக்கூட போட விடறதில்ல. உங்களுக்கு அவ்வளவு பயமா இருந்தா வண்டி முன்னாடி ஒரு சின்னக் கண்ணாடி போடுங்க. விக்க மட்டும் வேணாம்.

இப்போதைக்கு வராதீங்க.

நித்யா

*

செம்மண்டலம்
12.2.2025

நித்யாவுக்கு,

லெட்டர் கெடச்சுது. வண்டிய விக்கல.

கண்ணாடி விஷயமா நேத்தே எறங்கிட்டேன். இதுல இவ்ளோ இருக்கும்னு நெனைக்கல. விண்ட்ஷீல்டுன்னு கேட்டா கடைக்காரர் ஒரு டஜன் எடுத்து மேஜைல பரப்பிட்டாரு. ஹெட்லைட்டுக்கு மேல தட்டு மாதிரி ஒக்கார்றது ஒரு வகை. ஹேண்டில் பார்ல கம்பி வெச்சு ஒசரமா நிக்கிறது ஒரு வகை. புகை கலரு, மஞ்ச கலரு, கலரே இல்லாதது. பழைய மாடல் மாதிரி செஞ்ச வண்டிக்குப் புகை கலர்ல சின்னதுதான் அழகுன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. மாட்டுனேன். வண்டி ராஜா மாதிரி இருந்துச்சு.

மச்சான் ஜெகன ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கிவிட்டுக்கச் சொல்லி பின்னாடி ஒக்கார வெச்சு பைபாஸ்ல ஒரு ஓட்டம் விட்டேன். ஹெல்மெட்லயும் சட்டைலயும் கலர் கலரா கம்பளி நூலு ஒட்டிவிட்டேன், காத்து எங்க அடிக்குதுன்னு பாக்க. நேர்ந்துவுட்ட கெடா மாதிரி இருக்கேன் மாமான்னு கத்திக்கிட்டே வந்தான். எனக்கு நெஞ்சுல காத்தே இல்ல. திரும்பி, எப்படிடா இருக்குன்னா, “முன்ன விட ஜாஸ்தி மாமா, கண்ணத் தொறக்க முடியல”ங்கிறான்.

அப்புறம்தான் வெளங்குச்சு. கண்ணாடி காத்தை நிறுத்துறதில்ல, மேல தூக்கி விடுது. தூக்குன காத்து என் தலைக்கு மேல போயி, பின்னாடி ஒசந்த சீட்ல ஒக்காந்திருக்கிறவங்க மூஞ்சில விழுது. அதாவது ஒன் மூஞ்சில. அதனால ஓட்டுறவனுக்கு எதுன்னு பாக்கக் கூடாது, பின்னாடி ஒக்கார்றவளுக்கு எதுன்னுதான் பாக்கணும்.

மச்சான் ஒன்ன விட ஒசரம். சீட்ல ஒக்காந்தா ஒன் கண்ணு எவ்ளோ ஒசரத்துல வரும்? அளந்து எழுது.

மருந்து போடுறியா?

பிரகாஷ்

*

சிதம்பரம்
17.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க லெட்டரை அக்கா கிட்ட படிச்சுக் காட்டினேன். “உன் புருஷன் யாருக்கு எழுதியிருக்கார், உனக்கா, மெக்கானிக்குக்கா?”ன்னு கேட்டா. ரெண்டு பக்கத்துக்குக் கண்ணாடி பத்தி. கடைசில ரெண்டே சொல்லு எனக்கு. மருந்து போடுறேன், போதுமா?

இங்க தினமும் பிசியோவுக்குப் போறேன். சொல்லித் தர்ற பொண்ணு பேரு இளவரசி, என்னை விடச் சின்னவ. கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சு, புருவத்தைத் தூக்குங்க, கன்னத்தை ஊதுங்கன்னு சொல்லுவா. ஊதினா இடது பக்கம் காத்து புஸ்ஸுன்னு போயிடும். அப்புறம், “சிரிங்க”ன்னு சொல்லுவா. எதுக்குச் சிரிக்கிறதுன்னு கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அதைப் பாத்து எனக்கு அழுகை வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து அக்கா பீரோ கண்ணாடி மேல துண்டைப் போட்டு மூடி வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை இங்க சர்ச் பூசைக்குப் போனேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு தூண் பக்கத்துல நின்னேன். பாடகர் குழு பாட ஆரம்பிச்சதும் என் வாய் தானாத் திறந்துச்சு. வெறும் காத்துதான் வந்துச்சு. நம்ம ஊர்ல முதல் பூசை முடிச்சுட்டு நேரா தேவனாம்பட்டினம் பீச்சுக்கு வண்டியை விடுவீங்களே, அன்னைக்குப் பாடின பாட்டை நான் உங்க முதுகுல மோவாயை வெச்சு மறுபடியும் பாடுவேனே, அது ஞாபகம் வந்துச்சு. சத்தமாப் பாடு, காத்துல கேக்கலன்னு சொல்லுவீங்க. நான் வேணும்னே சின்னதாப் பாடுவேன். நீங்க வேகத்தைக் குறைப்பீங்க.

அளவு கேட்டீங்க. எனக்கு இஞ்சு, சென்டிமீட்டர் எல்லாம் வராது. ஸ்டூல்ல உக்காந்து அக்காவை நூல் பிடிக்கச் சொன்னேன். உக்கார்ற இடத்துல இருந்து கண் வரைக்கும். நறுக்கி இதுக்குள்ள வெச்சிருக்கேன்.

நித்யா

*

செம்மண்டலம்
21.2.2025

நித்யா,

நூல் வந்துச்சு. மொதல்ல நூலுன்னு தெரியல, லெட்டரப் பிரிச்சதும் கீழ விழுந்துடுச்சு, கட்டிலுக்கு அடில தேடி எடுத்தேன். பின் சீட்டு மேல ஒரு நுனிய வெச்சு மறு நுனியத் தூக்கிப் புடிச்சேன். அங்கதான் ஒன் கண்ணு. கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னேன்.

அந்த அளவுக்குத் தொடப்பக்கட்டைய வெட்டி பின் சீட்ல நிமிர்த்திக் கட்டுனேன். உச்சில ஒரு ரிப்பன். ரிப்பன் ஆடுனா ஒன் கண்ணுல காத்து அடிக்குதுன்னு அர்த்தம். அம்மா வெளிய வந்து பாத்துட்டு, “இதான் இப்ப ஒன் பொண்டாட்டியாடா?”ன்னு கேட்டாங்க. கிண்டலாத்தான் கேட்டாங்க. அப்புறம் உள்ள போயிட்டாங்க, ரொம்ப நேரம் வெளிய வரல. காத்துதான் காரணம்னு இப்பல்லாம் சொல்றதில்ல.

புகை கலரக் குடுத்துட்டு ஒசரமான கண்ணாடி வாங்கி மாட்டுனேன். எனக்கு மூக்கு வரைக்கும் வருது. ரிப்பன் கொஞ்சம் அடங்குச்சு. ஆனா வேகம் எடுத்தா கண்ணாடி கடகடன்னு ஆடுது. எதிர்ல வர்ற லாரி வெளிச்சம் அதுல பட்டுச் செதறி ரோடே தெரியல. வண்டியும் பழைய போலீஸ் வண்டி மாதிரி ஆயிடுச்சு. இதுவும் வேணாம். மூணாவதா ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன், நடுத்தர ஒசரம், கலர் இல்லாதது, மேல் ஓரம் லேசா வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும். சாய்வையும் நாமளே மாத்திக்கலாமாம்.

இன்னொண்ணு. நேத்து மச்சான் போன் பேசிக்கிட்டிருந்தான். யாருடான்னேன். “அக்காதான் மாமா, இப்ப நல்லா பேசுறா”ன்னான். சொன்னதுக்கப்புறம் நாக்கக் கடிச்சுக்கிட்டான்.

நல்லா பேசுறன்னா சந்தோஷம்தான். அவன்கிட்ட போன்ல பேசுற. எனக்கு மட்டும் எதுக்கு லெட்டர்?

பிரகாஷ்

*

சிதம்பரம்
24.2.2025

மாமா,

உங்க லெட்டர் சனிக்கிழமை வந்துச்சு. பதில் எழுத யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே நேத்து நீங்களே வந்துட்டீங்க.

பாக்கலன்னு நினைச்சீங்களா? மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? தெருமுனையில டெய்லர் கடை ஓரமா நிறுத்தினீங்க. ஹெல்மெட்டைக் கழட்டல. கைக்குட்டையை எடுத்து முன்கண்ணாடியைத் துடைச்சீங்க. அதுல அழுக்கே இருந்திருக்காது, உங்களை எனக்குத் தெரியும். திரும்பவும் துடைச்சீங்க. அப்புறம் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. நான் காய வெச்ச போர்வைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன். இறங்கி ஓடி வரணும்னு கால் துடிச்சுது. நகரல.

ஏன் உங்களுக்கு மட்டும் லெட்டர்னு கேட்டீங்க. சொல்றேன். ‘ம’ வந்து பத்து நாளாச்சு. மாமான்னு முதல்ல அக்கா வீட்டுப் பூனையைக் கூப்பிட்டேன், அது திரும்பிப் பாத்துச்சு. உங்களைக் கூப்பிடல.

முகம் இழுத்துக்கிட்ட அன்னையில இருந்து நான் இங்க கிளம்பின வரைக்கும் நீங்க என்னைப் பாக்கவே இல்ல மாமா. நேரா, முகத்தைப் பாக்கவே இல்ல. சாப்பாடு எடுத்து வெச்சீங்க, மருந்து ஊத்தினீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா பேசும்போது டிவியைப் பாத்தீங்க, சுவரைப் பாத்தீங்க, என் தோளைப் பாத்தீங்க. கஞ்சி குடிக்கும்போது ஓரத்துல வழிஞ்சா துண்டை மட்டும் நீட்டுவீங்க, தலை அந்தப் பக்கம் இருக்கும். அத்தை காத்துன்னு சொன்னது எனக்கு வலிக்கல. அவங்க என் முகத்தைப் பாத்துக்கிட்டேதான் சொன்னாங்க.

அதனாலதான் வந்தேன். வாய் பேச வரலங்கிறது ஒரு சாக்கு. இப்போ அந்தச் சாக்கும் இல்ல.

நேத்துகூட நீங்க ஹெல்மெட்டைக் கழட்டல. என் கண்ணுக்குக் காத்து படக்கூடாதுன்னு ஊரெல்லாம் தேடி கண்ணாடி வாங்குறீங்க. அந்தக் கண்ணைப் பாக்க மட்டும் உங்களால முடியல. அப்படித்தானே?

நித்யா

*

செம்மண்டலம்
28.2.2025

நித்யா,

நாலு தடவ எழுதிக் கிழிச்சேன். இது எப்படி வருதோ அப்படியே போடுறேன்.

நீ சொன்னது நெசம். நான் பாக்கல. மொதல்ல, பாத்தா நீ சங்கடப்படுவேன்னு நெனச்சேன். நம்ம பக்கத்துல கல்யாண வீட்ல யாராவது கை கால் சரியில்லாதவங்க வந்தா, உத்துப் பாக்காதடான்னு சின்ன வயசுலயே தலைல கொட்டு வெச்சு வளத்தாங்க. அதையே ஒனக்கும் செஞ்சுட்டேன். நீ யாரோ இல்லங்கிறது எனக்கு ஒறைக்கல.

ஆனா அது மட்டும் இல்ல. பிளாஸ்திரி போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, மொத ரெண்டு நாளு, நீ தூங்குனப்பவும் அந்தக் கண்ணு மூடல. நீ மூச்சு விட்டுத் தூங்கிக்கிட்டிருக்க, ஒரு கண்ணு மட்டும் என்னையே பாத்துக்கிட்டிருக்கு. அதுல நீ இல்ல. இவ இப்படியே எங்கயாவது போயிடுவாளோன்னு தோணுச்சு. எங்கப்பாவக் கடைசியா அப்படித்தான் பாத்தேன், கண்ண மூடிவிடறதுக்கு முன்னாடி. அதுலேர்ந்து பகல்லயும் ஒன்னப் பாத்தா அந்த நெனப்புதான். அருவருப்புன்னு நீ நெனச்சிருப்ப. பயம் நித்யா. சொல்லத் தெரியல, கண்ணாடி தேடப் போயிட்டேன். அதுன்னா அளந்து பாக்கலாம், சரியில்லன்னா கழட்டி வேற மாட்டலாம்.

தெருமுனை வரைக்கும் வந்தது மூணாவது கண்ணாடியச் சோதிக்கன்னு சொன்னா நம்புவியா? நானே நம்பல. மாடில ஒன் நீலத் துப்பட்டா காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வராதன்னு எழுதியிருந்த. ஒன் பேச்ச மீறி வந்து நின்னா, இருக்கிற லெட்டரும் நின்னுடுமோன்னு இருந்துச்சு. திரும்பி வர்றப்ப ஆலப்பாக்கம் வரைக்கும் ஒண்ணும் தெரியல. அதுக்கப்புறம் ஓரமா நிறுத்திட்டு ரொம்ப நேரம் ஒக்காந்துட்டேன்.

ரிப்பன் இப்ப ஆடல. ஆனா தொடப்பக்கட்டைக்குக் கண்ணு கூசுதான்னு எப்படித் தெரியும்? நீ ஒக்காந்து சொன்னாத்தான் தெரியும்.

வரட்டுமா?

பிரகாஷ்

*

சிதம்பரம்
4.3.2025

மாமா,

நாளைக்கு விபூதிப் புதன், நெத்தியில சாம்பல் பூசுவாங்க. கோயிலுக்குப் போகப் போறேன், முக்காடு இல்லாம. நாளைக்கு எல்லாரும் நெத்தியைத்தான் பாப்பாங்க, வாயைப் பாக்க மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சுட்டு வாங்க. டெய்லர் கடை ஓரமா இல்ல, வீட்டு வாசலுக்கு.

ஹெல்மெட்டைக் கழட்டிட்டுத்தான் கூப்பிடணும்.

நித்யா

*

செம்மண்டலம்
9.3.2025, சாயங்காலம்

நித்யா,

ஒன்ன எறக்கி விட்டுட்டு இப்பத்தான் வந்து சேந்தேன். இன்னிக்கு நடந்ததெல்லாம் ஒனக்குத் தெரியும்தான். இருந்தாலும் எழுதணும்னு இருக்கு. ஏன்னா நீ பின்னாடி இருந்த, நான் முன்னாடி இருந்தேன். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது.

கதவத் தொறந்து நீ நின்னப்ப என்னமோ மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன், எல்லாம் மறந்துடுச்சு. “கண்ணாடி நல்லாருக்கு”ன்னு நீதான் மொதல்ல பேசுன. அப்பவும் நான் சரியாப் பாக்கல. ஒத்துக்கிறேன். அக்கா நின்னுக்கிட்டிருந்தாங்க.

புவனகிரி ரோட்ல போறப்ப நீ ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டது சைடு மிர்ரர்ல தெரிஞ்சுது. எறக்கு எறக்குன்னேன். “அப்புறம் எதுக்கு இத வாங்குனீங்க, சோதிக்க வேணாமா?”ன்ன. ரோட்டப் பாக்கறதா, மிர்ரரப் பாக்கறதான்னு தெரியாம ஓட்டுனேன். நீ கண்ண மூட முயற்சி பண்றது தெரிஞ்சுது. முக்கால்வாசி மூடுச்சு.

வெள்ளாத்துப் பாலம் வந்ததும் பக்கவாட்டுல ஒரு காத்து. அதுக்கு எந்தக் கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்ல. எவ்ளோ அளந்தாலும் ஆத்துக் காத்து அதும்பாட்டுக்கு வரும்னு நான் யோசிக்கவே இல்ல. பாலம் தாண்டி டீக்கடைல நிறுத்துனேன். நீ எறங்கி ஹெல்மெட்டக் கழட்டுன. இடது கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. பாத்தேன். டீ குடிக்கிறப்ப ஓரமா வழிஞ்சுது. கையாலயே தொடச்சு விட்டேன், பாத்துக்கிட்டே. கடைக்காரம்மா, “என்னங்க, அவுங்க மொகத்துக்கு என்ன?”ன்னு கேட்டாங்க. முகவாதம், சரியாயிக்கிட்டு வருதுன்னு நான்தான் சொன்னேன். ஒன்னப் பாத்துக்கிட்டே சொன்னேன்.

“எப்படி இருக்கு?”ன்னு நீ கேட்ட.

“ஒரு பக்கம் சிரிக்குது. இன்னொரு பக்கம் யோசிச்சுக்கிட்டிருக்கு”ன்னேன்.

நீ சிரிச்ச. கோணலாத்தான் சிரிச்ச. அந்தச் சிரிப்ப நான் முன்னப் பின்னப் பாத்ததில்ல. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு நித்யா. ஒனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்லல.

திரும்பி வர்றப்ப பின்னாடி கனம் இல்லாம வண்டி அலையுது. கடலூர் வர வர மெதுவா ஓட்டுனேன். வீட்டுக்கு வந்தா அம்மா, “எப்படி இருக்கா?”ன்னு கேட்டாங்க. ஒக்கார வெச்சு மொதல்லேர்ந்து சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, “எப்ப வர்றா?”ன்னாங்க. பிசியோ இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னேன். “ரெண்டு வாரமா?”ன்னு ஒரு மாதிரி சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

கண்ணாடிய வெச்சுக்கவா, குடுத்துடவா? பாலத்துக் காத்த அதால தடுக்க முடியல. நீ சொல்லு.

பிரகாஷ்

*

சிதம்பரம்
14.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூணாவது கண்ணாடியே இருக்கட்டும். ரோட்டுல போகும்போது என் கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பாலம் வந்தா மெதுவாப் போங்க, அவ்வளவுதான். இன்னொரு கண்ணாடிக்குக் கடைக்கடையா ஏறினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நேத்து டாக்டரைப் பாத்தேன். கண் முழுசா மூட இன்னும் கொஞ்ச நாள் ஆகும், ஆனா மூடிடும்னார். வாய் ஓரத்தைப் பத்தி அவ்வளவு உறுதியாச் சொல்லல. பழையபடி வரலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம்னார். இளவரசிதான் என்னை விட அதிகமா வருத்தப்பட்டா. எனக்கு அழுகை வரும்னு நினைச்சேன், வரல. பிசியோவைக் கடலூர்லயே பாத்துக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். தாராளமாப் பாத்துக்கலாம்னார். இதை முதல்லயே ஏன் கேக்கலன்னு அக்கா என்னை முறைச்சா. முதல்ல நான் கேக்க விரும்பல அக்கான்னேன்.

திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறேன். மிஸ் ஏன் ஒரு பக்கமா சிரிக்கிறீங்கன்னு பிள்ளைங்க கேக்கும். கேக்கட்டும். பாடகர் குழுவுக்கு ஈஸ்டருக்குள்ள போக முடியுமான்னு தெரியல. ‘ப’ இன்னும் கொஞ்சம் பிசிறு அடிக்குது. வீட்டுல பாடிப் பாக்குறேன், நீங்க கேட்டுச் சொல்லுங்க.

பை கட்டியாச்சு. பீரோ கண்ணாடி மேல போட்ட துண்டை எடுத்து மடிச்சு வெச்சாச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில இந்த லெட்டரைப் போஸ்ட் பாக்ஸ்ல போட்டுட்டு, அதே கையோட கடலூர் பஸ் ஏறப் போறேன். உங்களுக்குப் போன் பண்ணல. நீங்க வண்டியை எடுத்துக்கிட்டு ஓடி வருவீங்க, வழியில பஸ்ஸும் வண்டியும் மாறிப் போயிடும்.

எப்படியும் இதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். அப்புறம் எதுக்கு எழுதுறேன்னு கேப்பீங்க.

இத்தனை லெட்டர் எழுதினேன். அதையெல்லாம் படிக்கும்போது உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எங்க சிரிச்சீங்க, எங்க நிறுத்தினீங்க, தெரியாது. நாளைக்கோ திங்கக்கிழமையோ போஸ்ட்மேன் வருவார். அறைக்குள்ள எடுத்துட்டுப் போயிடாதீங்க. எனக்கு எதிர்ல உக்காந்து, மெதுவாப் படிங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

நித்யா